ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

மகளின் ஆங்கில நோட்டில் ‘ரன் – ஓடு’ என்று இருந்தது. பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். தப்பில்லைதான். நானும் அப்படித்தான் படித்தேன், அப்புறம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. டேட்டாபேஸில் பழைய பதிவுகளை நீக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். லண்டனில் இருந்த மேனேஜர் ‘ரன் இட் பை மீ பிஃபோர் ஃப்ரைடே’ என்று மெயில் போட்டார். எனக்குத் தெரிந்த ரன் இரண்டே: மனுஷன் ஓடுவது, புரோகிராமை ஓட்டுவது. சரி, அவசரம்போல என்று வியாழன் இரவே ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவர் கேட்டதோ, ‘வெள்ளிக்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை காட்டு’ என்று. பேக்கப் இருந்தது, வேலை தப்பியது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி இந்த ஒரு வினைக்கு 645 பொருள் பிரித்திருக்கிறது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் இதோடு மட்டும் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989 பதிப்பில் ‘செட்’தான் மிக நீளமான பதிவு. அதையும் ரன் முந்திவிட்டது.

645ஐயும் யார் மனப்பாடம் செய்வது? பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது. துணியில் கலர் ரன் ஆனால் சாயம் போகிறது. கடையை ரன் செய்தால் நடத்துகிறோம். பால் ரன் அவுட் ஆனால் தீர்ந்துவிட்டது, பேட்ஸ்மேன் ரன் அவுட் ஆனால் கதையே வேறு. எனக்குப் பிடித்தது தேர்தல். அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்வார், பிரிட்டன்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நம்மூரிலும் எலெக்‌ஷனில் நிற்கத்தானே செய்கிறார்கள்!

அதனால்தான் நோட்டில் தனிச்சொல்லை எழுதவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முழு வாக்கியமாக எழுதச் சொல்லலாமே. ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, கவலையில் ஒன்றுமே ஓடவில்லை என்பதையெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் நாம் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே, கூரை ஓடு, முட்டை ஓடு, ஆமை ஓடு என்று அவள் நோட்டிலேயே எழுத ஆரம்பித்தேன். “அப்பா, இது ஹோம்வொர்க் நோட்டு!” என்று பிடுங்கிக்கொண்டாள்.