ஸ்பிரிங்கை வெட்டுவது டிராக் செட்டப் ஆகாது

"பழைய எம்ஜிபி-யில் நாலு காயில் ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டினால் டிராக்குக்கு வண்டி ரெடி, ஏற்காடு ஏறி டெஸ்ட் பண்ணிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. முதலில், எம்ஜிபி என்ற அந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் காயிலே கிடையாது. நம்ம ஊர் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங்தான்.

முன்னால் வெட்டினால் ஸ்பிரிங் விறைக்கும், அது சரி. ஆனால் விறைத்த ஸ்பிரிங்கை அடக்க அதே பழைய லீவர் டேம்பரால் (துள்ளலை அடக்கும், கை வைத்த பழைய ரக ஷாக் அப்சார்பர்) முடியாது. அதோடு, எம்ஜிபி-யில் அந்த டேம்பரின் கைதான் மேல் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை. அதன் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கேம்பரே (அது நிற்கும் சாய்வு) ஆடும். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டேம்பர் கை அசைகிறதா, ஷாஃப்ட் ஓரம் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் செலவு அங்கேதான், அப்புறம் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள்.

வெட்டித் தாழ்த்தினால் பம்ப் ஸ்டாப்பும் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இடிக்கும் ரப்பர் தடை) நெருங்கிவிடும். வளைவின் நடுவில் அதில் இடித்தால் டயர் சட்டென்று பிடியை விடும். கேஸ் கட்டிங் வைத்தால் சூட்டில் எஃகின் டெம்பரும் (பதம்) போச்சு.

ஏற்காடு டெஸ்ட் பற்றி: சேலம் பக்கத்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் சின்ன கியரில் ஊர்ந்து திரும்புகிறவை, எதிரே பஸ் வேறு வரும். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் வேகமாக எடுக்கும் வளைவில் வண்டி என்ன செய்யும் என்று அங்கே தெரியாது. ஸ்பிரிங் மாற்றியே தீருவதென்றால் அளவுக்குச் செய்த புதியதைப் போடுங்கள், டேம்பரையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.