மாக்ஸ் லிண்டரை ஒரு வரியில் முடிக்காதீர்கள்

சாப்ளினைப் பற்றி யார் பதிவு போட்டாலும் கீழே ஒருவர் வந்து 'அவருக்கே குரு ஒருவர் உண்டு, மாக்ஸ் லிண்டர்' என்று எழுதிவிட்டுப் போவார். பிரெஞ்சு மௌனப்பட நகைச்சுவை நடிகர் லிண்டரைப் பற்றிய இந்தப் பேச்சு பொய்யில்லை. சாப்ளினே தன் புகைப்படம் ஒன்றில் 'பேராசிரியர்' மாக்ஸுக்கு உங்கள் சீடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் குரு என்று சொல்வதோடு சரி, அந்த மனுஷனின் படத்தை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

பிரான்சில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் திராட்சை பயிரிட்ட குடும்பத்தில் 1883-ல் பிறந்தவர். நாடகம் படித்து, பாரிஸ் மேடைகளில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டே 1905 வாக்கில் பாத்தே என்ற பிரெஞ்சு சினிமா கம்பெனியின் படங்களில் தலைகாட்ட ஆரம்பித்தார். அன்றைய சினிமா காமெடி என்றால் துரத்துவது, விழுவது, சாமான்களை உடைப்பது. இவர் பட்டுத் தொப்பி, கைத்தடி, கையுறை, நறுக்கிய மீசை என்று மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். சாப்ளினின் நாடோடிக்கு அடுத்த வேளைச் சோறு பிரச்சினை, மாக்ஸுக்கு நாலு பேர் முன்னால் மானம் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு நகைச்சுவை. ஒன்றை இன்னொன்றின் ஒத்திகையாகப் பார்ப்பது அநியாயம்.

சந்தேகம் இருந்தால் 1921-ல் அமெரிக்காவில் அவரே இயக்கி நடித்த 'ஏழு வருட துரதிர்ஷ்டம்' படத்தைப் பாருங்கள். வேலைக்காரன் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். விஷயம் தெரியாமல் இருக்க, மாக்ஸைப் போலவே இருக்கும் சமையல்காரனுக்கு அதே உடையை மாட்டி வெறும் சட்டத்துக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். முந்தைய இரவின் போதை தெளியாத மாக்ஸ் எதிரே நின்று சவரம் செய்யத் தொடங்குகிறார். இவர் கன்னத்தைத் தடவினால் அவனும் தடவுகிறான். சந்தேகம் வந்து இவர் சோதிக்கச் சோதிக்க, அவன் தவறி மாட்டி மறுபடி தப்பிக்கிறான். கடைசியில் குட்டு வெளிப்பட்டு, அவனை அடிக்கிறேன் பேர்வழி என்று இவர் ஓங்கி எறிய, அதற்குள் அங்கே புதுக் கண்ணாடியை மாட்டியிருக்கிறார்கள். போச்சு. அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1933-ல் இதே கண்ணாடி வித்தையைச் செய்ததைத்தான் உலகம் கொண்டாடுகிறது. கண்ணாடி வித்தை மேடையில் முன்பே இருந்தது, எனவே திருட்டு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், 'சாப்ளின் வந்ததும் இவர் காணாமல் போனார்' என்ற கதை. முதல் உலகப் போருக்குப் போய் உடம்பும் மனசும் கெட்டுத் திரும்பியவர் இவர். சாப்ளின் விலகிய எஸ்ஸனே என்ற அமெரிக்க சினிமா கம்பெனி அந்த இடத்தில் உட்காரவைக்க இவரைக் கூட்டிப்போனது. மூன்று குறும்படம், சரியாகப் போகவில்லை, நோயோடு ஊர் திரும்பினார். இதில் போட்டி எங்கே வந்தது?

முடிவு கொடூரமானது. 1925-ல் பாரிஸில் அவரும் இளம் மனைவியும் இறந்தார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவா, மனைவியை அவர் வற்புறுத்தினாரா என்பது இன்றுவரை விவாதம். இதை 'சிரிக்க வைத்தவரின் சோகம்' என்று உருகி எழுதுகிறவர்கள் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. எலேன் பீட்டர்ஸ். அவரை விட்டுவிட்டு இவருக்கு மட்டும் கண்ணீர் விட என்னால் முடியாது.

அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் மோத், வளர்ந்த பிறகு சிதறிக் கிடந்த அப்பாவின் படங்களைத் தேடிச் சேர்த்தார். 1963-ல் மூன்று அமெரிக்கப் படங்களைத் தொகுத்து வெளியிட்டார், 1983-ல் ஆவணப்படமும் எடுத்தார். இன்று நாம் மாக்ஸைப் பார்க்க முடிகிறது என்றால் பெரும்பங்கு அவருக்குத்தான்.