சேந்த்-எக்சுபெரி நோட்டு: புள்ளியளவு பிழைக்கு இலட்சங்கள் கிடைக்காது

“பெயரில் எழுத்துப்பிழை உள்ள பழைய பிரெஞ்சு 50 பிராங்க் நோட்டு வைத்திருந்தால் நீங்கள் இலட்சாதிபதி, பிரான்ஸ் வங்கியே வாங்கிக்கொள்ளும்” என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. தயவுசெய்து நம்பி ஏமாறாதீர்கள்.

பிழை இருந்தது உண்மை. 1993இல் வெளிவந்த அந்த நீல நோட்டில், விமானியும் எழுத்தாளருமான அந்துவான் து சேந்த்-எக்சுபெரியின் முகம் இருக்கிறது. பக்கத்தில் அவருடைய கதையின் நாயகன் குட்டி இளவரசன். பின்பக்கம் பிரெகே 14 விமானம். தொடக்கத்தில் அச்சான நோட்டுகளில் ‘எக்சுபெரி’யின் (Exupéry) முதல் எழுத்தான பெரிய ‘E’யின் தலையில் ஒரு சாய்கோடு ஏறிவிட்டது. அவர் பெயரில் அந்தக் கோடு பின்னால் வரும் ‘é’க்கு மட்டுமே உரியது. பிறகு திருத்தினார்கள்.

ஆனால் பிழையுள்ள நோட்டுகள் ஒன்றிரண்டு அல்ல. புழக்கத்தில் தாராளமாகவே இருந்தன. மடிப்பில்லாத புதுநோட்டுக்குச் சேகரிப்பாளர்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வங்கி வாங்கும் என்பது முழுப்பொய். பிராங்க் நோட்டுகளை யூரோவாக மாற்றும் காலக்கெடு 2012 பிப்ரவரி 17 அன்றே முடிந்துவிட்டது. ‘மாற்றித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.