75 போதுமாம்!

அந்த வீடியோவை இதுவரைக்கும் பன்னிரண்டு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். நன்றி. பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன். "வன்கூவரில மெடிசினுக்கு 75 வீதம் காணும், எங்கட பிள்ளையள்தான் ஒன்ராறியோவை விட்டு வெளியில போட மாட்டினம்" என்று ரை கட்டிய ஒருவர் சொல்கிறார். கீழே ஒரே கைதட்டல். கைதட்டியவர்களில் ஆறேழு பேருக்கு என் மகளைத் தெரியும், மருத்துவத்துக்குப் போட்டு இடம் கிடைக்காத பிள்ளை.

75 என்பது வன்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பிள்ளைகளுக்கு. வெளிமாகாணப் பிள்ளைக்கு அங்கே 85. அதே பீடம், அதே படிப்பு, வீட்டு விலாசம் மட்டும் வேறு. கல்கரியில் அல்பேர்ட்டா மாகாணத்துப் பிள்ளை ஜிபிஏ, அதாவது நாலுக்குப் போடுகிற சராசரி, 3.2 உடன் விண்ணப்பிக்கலாம், எங்கள் பிள்ளைக்கு 3.8 வேண்டும். ஹலிபாக்ஸ் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பக்கத்து மாகாணப் பிள்ளைகளுக்கு 3.3, எங்களுக்கு 3.7. இதில் இரகசியம் ஒன்றுமில்லை, பீடங்களின் இணையத்தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். வாசிக்க ரை தேவையில்லை.

அதுவும் 85 இருந்தால் படலைதான் திறக்கும். வீட்டுக்குள் விடுவார்களா என்பது வேறு கதை. வன்கூவரில் வெளிமாகாணத்தாருக்கு மிஞ்சிப்போனால் பத்தில் ஒரு இடம். அந்த ஒன்றுக்கு மிச்சக் கனடா முழுக்க வரிசையில் நிற்கிறது. 85 உடன் போகிற பிள்ளை அந்த வரிசையின் வாலில் நிற்கும். வீடியோ அண்ணை 75 உடன் அனுப்பச் சொல்கிறார்!

என் மகளின் சராசரி 88. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்ல வைத்துவிட்டீர்கள்.

இரண்டாம் வருடம் ஓகானிக் கெமிஸ்ற்றி சோதனை நேரம் அம்மா ஆஸ்பத்திரியில். அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் பிள்ளை படித்தது. 79 வந்தது. ஒன்ராறியோ விண்ணப்பத்தில் புள்ளிகளை மாற்றுகிற அட்டவணையில் அவளுடைய 79க்கு 3.3. ஒரு புள்ளி கூடி 80 வந்திருந்தால் 3.7. விண்ணப்பம் நிரப்பிய இரவு குசினி மேசையில் லப்ரொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் 80 என்று அடிப்பாள், கீழே சராசரி ஏறும். பிறகு அழித்துவிட்டு 79 என்று அடிப்பாள். திரும்பவும் 80. "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றேன். "சும்மா அம்மா." தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போனது.

"மாகாண வரிக்காசில் ஓடுகிற பீடம், அந்த மாகாணத்தில் நின்று வேலை செய்கிற டொக்டர்கள்தானே அவர்களுக்கு வேண்டும்" என்பீர்கள். சரி, நியாயம்தான். ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. அதை மறைத்துவிட்டுப் பிள்ளையில் பிழை சொல்வதைத்தான் சொல்கிறேன்.

"அப்ப ஒன்ராறியோவிலேயே எடுபட்டிருக்கலாமே" என்பவர்களுக்கு: ரொறன்ரோவில் குறைந்தபட்சம் 3.6 என்று போட்டிருக்கிறது. சரியாக 3.6 உடன் உள்ளே போன ஒரு பிள்ளையை நேரே கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் கொத்துரொட்டி வாங்கித் தருகிறேன்.

இனி, "2026இல் இருந்து ஒன்ராறியோ 95 வீத இடங்களைத் தன் பிள்ளைகளுக்கே ஒதுக்குகிறதே, உங்களுக்கு லாபம்தானே, ஏன் கத்துகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவா போகிறேன்? ஆனால் மனிற்றோபா மாகாணத்து வின்னிபெக்கில் இருக்கிற தங்கச்சியின் மகனும் இதற்குத்தான் படிக்கிறான். அவனுக்கு இந்தப் பக்கத்துக் கதவு இன்னும் ஒடுங்கிவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் இருந்து அவளோடு சமையல்தான் கதைக்கிறேன்.

எங்கள் வீட்டில் சித்தப்பா இருக்கிறார். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தல் வந்த முதல் வருடத்து ஆள். 1971இல் மருத்துவத்துக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். அவருக்கு 244. பிறகு வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதினார். உடனே "அதையும் இதையும் ஒப்பிடுகிறாயா" என்று கிளம்ப வேண்டாம். அங்கே மொழியைப் பார்த்தார்கள், இங்கே விலாசத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் வன்கூவரில் இருந்து இல்லை என்று மின்னஞ்சல் வந்த அன்று அவர் என் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தினை புள்ளி பிள்ளை குறைஞ்சது?"

"தெரியாது தாத்தா. சொல்ல மாட்டினம்."

"எங்களுக்கு அதையாவது சொன்னவங்கள்" என்றார். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வெள்ளி கோயிலில் ஒரு மாமி, பன்னிரண்டு பேரில் ஒருவர்தான், பொங்கல் கொடுக்கும்போது மகளிடமே கேட்டார்: "வன்கூவரில லேசாமே, ஏன் பிள்ளை விட்டனி?" மகள் சிரித்துக்கொண்டே பொங்கலை வாங்கினாள். ஸ்காபரோ வந்து சேரும்வரை அது அவள் மடியில் அப்படியே இருந்தது.

மாமி, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். 75 இல்லை, 85. எங்கேயாவது எழுதி வையுங்கோ.