டெஸ்ட் ஆடாத 2,218 விக்கெட்
கவுன்டியோடு, அதாவது இங்கிலாந்தின் உள்நாட்டு கிரிக்கெட்டோடு, நின்றுபோன பவுலர் என்றால் அடுத்த படியான டெஸ்டுக்குத் தகுதி இல்லாதவர்தான் என்று இந்தக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அப்படியானால் டான் ஷெப்பர்டை எந்தக் கணக்கில் எழுதுவது? 1950 முதல் 1972 வரை வேல்ஸின் கவுன்டி அணியான கிளமார்கனுக்கு ஆடியவர். முதல்தர கிரிக்கெட்டில் 2,218 விக்கெட். ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்களில் இதுதான் உச்சம். வேகமாக வீசிக்கொண்டிருந்தவர் ஆஃப் கட்டருக்கு மாறினார், 1956 சீசனில் மட்டும் 177 விக்கெட். சுழற்பந்துக்காரரைவிட வேகமாக வந்து, தரையில் பட்டதும் உள்ளே வெட்டித் திரும்பும் பந்து அது. தடுக்கப் போனால் மட்டையின் உள்விளிம்பில் பட்டு எழும், மட்டையாளருக்குப் பக்கத்திலேயே, ஷார்ட் லெக்கில், சக வீரர் பீட்டர் வாக்கர் கையை நீட்டிக் காத்திருப்பார். மழையில் நனைந்த பிட்சில் யார் வீசினாலும் விக்கெட் விழும் என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, ஆனால் அந்தப் பிட்ச் எல்லாருக்கும்தானே நனைந்தது? 1964-ல் ஸ்வான்சியில் ஆஸ்திரேலியாவை கிளமார்கன் வீழ்த்தியபோது முன்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர். 1968-ல் மறுபடி வென்றபோது கேப்டனே இவர்தான். 1969-ல் கிளமார்கனுக்குக் கவுன்டி சாம்பியன்ஷிப்பை உறுதிசெய்த கடைசி விக்கெட் அவருடைய 2000-ஆவது, அப்போது வயது 42. வேல்ஸ்காரர்களும் டெஸ்ட் ஆடுவது இங்கிலாந்துக்குத்தான்; அந்த இங்கிலாந்திடம் அந்தக் காலத்தில் லேக்கர், டிட்மஸ், ஆலன், இல்லிங்வொர்த் என்று ஆஃப் ஸ்பின்னர்கள் வரிசைகட்டி நின்றார்கள். இடம் இல்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். தகுதி இல்லை என்பது வேறு பேச்சு.