நீர்மின்சாரமும் புகையில்லாததுதானா?
'புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எதுவும் காற்றைக் கெடுப்பதில்லை' என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே போடாகப் போடுகிறது. காற்றாலை, சூரியத் தகடு விஷயத்தில் சரி, மின்சாரம் எடுக்கும்போது புகை வருவதில்லை. அணைகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கோடையில் நீர் வடிந்த ஒரு நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். மூழ்கிச் செத்த மரங்களின் கட்டைகள் கறுத்து நீட்டிக்கொண்டிருந்தன, சேற்றில் குச்சியைக் குத்தினால் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் இலையும் மரமும் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. ஆழத்து நீர் டர்பைன் வழியாக வெளியேறுகையில் அழுத்தம் சட்டென்று குறைவதால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அதில் கரைந்திருக்கும் மீத்தேன் பிரிந்து காற்றில் கலக்கிறது. பிரேசிலில், அமேசான் காட்டுக்குள் 1980களில் கட்டிய பால்பினா அணையைப் பாருங்கள்: வெறும் 250 மெகாவாட்டுக்காக சுமார் 2,360 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது. அத்தனை காட்டைக் கொடுத்துவிட்டு இவ்வளவு மின்சாரம்தானா என்று இன்றும் மனம் ஆறவில்லை. 'அப்படியானால் நிலக்கரியே மேல்' என்று அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார், அதையும் ஏற்க முடியாது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கைப்படி, கட்டுமானம் முதல் கணக்கிட்டால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடுவது, கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகக் கணக்கிட்டு, நடுமதிப்பாக 820 கிராம், நீர்மின்சாரம் 24, நிலத்துக் காற்றாலை 11. ஆனால் அந்த 24 நடுமதிப்புதான். சில வெப்பமண்டல அணைகள் நிலக்கரியையே தாண்டிவிடுகின்றன, அதனால் எந்த இடத்தில், எவ்வளவு காட்டை மூழ்கடித்து என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.