ஆங்கிலத்தில் ‘ங்க’ எங்கே இருக்கிறது?

வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று தமிழைப் பூட்டி வைத்துவிட்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது தப்பு. யார் கோபித்துக்கொண்டாலும் சொல்வேன். அதிலும் பிடிக்கும், வேண்டும், ஆசை, ஏக்கம் மாதிரியான விஷயங்களைத் தமிழ் வழியாகப் போகாமல் சொல்லிக்கொடுக்கவே முடியாது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் நிறைய பேர் தினமும் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஹோட்டல் ரிசப்ஷன், கஃபே, துணிக்கடை. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக ஆங்கிலம் படித்தவர்கள்தான். ஆனால் மனசில் தோன்றும் ஆசையைச் சொல்ல அவர்கள் கையில் இருப்பது மூன்றே வார்த்தை: லைக், லவ், வாண்ட்.

இதில் ‘வாண்ட்’தான் அவர்களை அதிகம் மாட்டிவிடுகிறது. “ரெண்டு இட்லி வேணுங்க” என்று சொன்னால் நம் ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மரியாதை அந்தக் கடைசி ‘ங்க’வில் இருக்கிறது. அதே பையன் மேனேஜரிடம் போய் “ஐ வாண்ட் லீவ்” என்கிறான். அவர் முகம் சுளிக்கிறார். திமிர் பிடித்தவன் என்று பேர் வந்துவிடுகிறது. அவன் மனசுக்குள் சொன்னது “லீவு வேணுங்க சார்” என்பதுதான். ‘ங்க’ மட்டும் வழியிலேயே விழுந்துவிட்டது.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் வாலில் மரியாதையை ஒட்ட வழியில்லை. தலையிலேயே வைத்துவிட வேண்டும். ஐ வுட் லைக், குட் ஐ ஹேவ், மே ஐ என்று ஆரம்பித்தால் ‘ங்க’ உள்ளே வந்துவிடும். இதைத் தமிழில் ஒரு தடவை சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது. ஆங்கிலத்திலேயே விளக்கப் போனால் ‘பொலைட் ரிக்வெஸ்ட்’ என்று போர்டில் எழுதுவோம், அவர்கள் நோட்டில் எழுதுவார்கள், அதோடு சரி.

பாண்டியில் ஒரு கஃபேயில் வேலை பார்க்கும் மாணவர் சொன்னது இது. வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் “டூ யூ லைக் காஃபி?” என்று கேட்டிருக்கிறார். அவரும் சிரித்தபடி “யெஸ், ஐ டூ” என்றிருக்கிறார். இவர் காபியைக் கொண்டுபோய் வைத்தால், நான் கேட்கவே இல்லையே என்று அவர் விழிக்கிறார். அந்தக் காபியின் காசை இவரிடமே பிடித்துவிட்டார்கள். “காபி பிடிக்குமா, காபி சாப்பிடுறீங்களா, ரெண்டும் ஒண்ணா தம்பி?” என்று மட்டும் கேட்டேன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அப்ப ‘வுட் யூ லைக்’தான் சாப்பிடுறீங்களாவா?” என்று அவரே சொன்னார். இந்த வித்தியாசம் பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

“எனக்குப் பிடிக்கும்” என்பதை “ஐ லைக்” என்று மாற்றும்போது ‘எனக்கு’ எங்கே போனது என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். அருமையான கேள்வி. பழைய ஆங்கிலத்தில் ‘லைக்’ என்பதும் நம்மைப் போலத்தான் வந்தது. ஒரு பொருள் ஒருவருக்கு இன்பம் தருகிறது என்பதே அதன் பொருள். பொருள்தான் எழுவாய், ஆள் ‘எனக்கு’ என்ற இடத்தில் நிற்பார். ஷேக்ஸ்பியர் காலம் வரை அதன் மிச்சம் இருந்தது. பாண்டியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேளுங்கள், “ஸா ம ப்லே” என்பார்கள். அதுவும் ‘அது எனக்குப் பிடிக்கிறது’ என்ற அமைப்புதான். நாம் பேசுவது ஏதோ தலைகீழான மொழி என்று நினைத்துக் கூச்சப்படும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ‘ஃபீல் லைக்’. சித்திரை, வைகாசியில் மஞ்சக்குப்பம் பக்கம் பண்ருட்டிப் பலாவை அறுத்து வண்டியில் வைத்திருப்பார்கள். எண்ணெய் தடவிய கை, பால் ஒட்டிய கத்தி, சடை சடையாக ஒதுக்கிய ஓரம், நடுவில் மஞ்சளாகச் சுளை. வாசனை தெருமுனை வரை வரும். அப்போது வாயில் என்ன வருகிறது? “சாப்பிடணும் போல இருக்கு.” அந்தப் ‘போல’தான் இந்த ‘லைக்’. ஐ ஃபீல் லைக் ஈட்டிங் ஜாக்ஃப்ரூட். பின்னால் ‘இங்’ வர வேண்டும் என்பது ஒன்றுதான் புதிது. பிரிட்டிஷ்காரர்கள் இதையே ‘ஃபேன்ஸி’ என்றும் சொல்வார்கள். நமக்கு ஃபேன்ஸி என்றால் வளையல், ரிப்பன் விற்கிற கடை, “ஃபேன்ஸி எ டீ?” என்று ஒருவர் கேட்டால் நம் பிள்ளை திகைத்துப் போவது நியாயம்தான்.

‘க்ரேவிங்’குக்கு நான் மசக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாசமாக இருக்கும் பெண் மாங்காய்க்கும் புளிக்கும் தவிப்பாளே, அது. சங்கப் பாடல்களில் இதற்கு வயா என்று பெயர். குடியை நிறுத்தியவருக்குச் சாயங்காலம் ஆனால் உள்ளே ஒரு நமநமப்பு எழுமே, அதற்கும் டாக்டர்கள் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், ‘லைக்’கைவிட இது எவ்வளவு கனமானது என்று புரிந்துவிடும். சாதாரணமாக ஒரு டீ குடிக்கத் தோன்றுவதற்கு அது கொஞ்சம் அதிகம்.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள். ஆசைக்கு இத்தனை ஆங்கிலச் சொற்கள் என்று விஷ், டிசைர், லாங், யேர்ன், க்ரேவ், லஸ்ட் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாணவி வேலைக்கு எழுதிய கடிதத்தில் ‘ஐ லஸ்ட் ஃபார் திஸ் ஜாப்’ என்று இருந்தது. அனுப்புவதற்கு முன் கண்ணில் பட்டது. பழைய ஆங்கிலத்தில் ‘லஸ்ட்’ வெறும் விருப்பம், இன்பம் என்றுதான் இருந்தது, ஜெர்மனில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்போது அது எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை ‘காமம்’ என்ற நம் சொல்லுக்கு நேர்ந்ததை வைத்து ஒரே நிமிஷத்தில் விளக்கிவிடலாம். குறள் பாடிய காலத்தில் அது காதல் முழுவதையும் குறித்தது, இன்று அப்படியா? தமிழ் பேசக் கூடாத வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்? வேலைக்கான கடிதத்தில் ‘ஐ ஆம் கீன் டு ஜாயின்’ போதும். ‘டிசைர்’கூட வேண்டாம், அது வேட்கை மாதிரி கனத்த சொல்.

பரங்கிப்பேட்டையிலும் பாண்டியிலும் அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘லாங் ஃபார்’ சொல்லித்தரத் தேவையே இல்லை. ஏக்கம் என்று சொன்னதும் எழுதிக்கொள்கிறார்கள்.

நப்பாசைக்கு மட்டும் நான் ஒற்றை வார்த்தை தருவதில்லை. ‘ஐ நோ இட்ஸ் அன்லைக்லி, பட் ஐ ஆம் ஸ்டில் ஹோப்பிங்’ என்று முழு வாக்கியமாகவே பழகச் சொல்கிறேன். இன்டர்வியூ முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அது அடிக்கடி தேவைப்படுகிறது.